முருகன் குடுத்த முடி

பொன்னமராவதி
16.06.2025

அன்புத் தம்பி சரவணக்குமாருக்கு,

அக்கா எழுதுறேன். நீ நல்லா இருக்கணும், வேளா வேளைக்குச் சாப்பிடணும். அதுல எனக்கு ஒரு மாத்தமும் இல்ல. இனிமே சண்டைக்கு வாரேன்.

என் நம்பரை நீ பிளாக் பண்ணி வச்சிருக்க. ஒன் மாமா போன்ல இருந்து கூப்பிட்டா, என் கொரலைக் கேட்டதும் வச்சிடுற. தபால்காரரை நீ பிளாக் பண்ண முடியாதுல்ல, அதான் போஸ்ட் ஆபீஸ் போயி கவர் வாங்கிட்டு வந்து உக்காந்துட்டேன். நான் கடைசியா கடுதாசி எழுதுனது காலேஜ் படிக்கிறப்ப. எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்க, கோவத்துல எழுதுறேன்.

திருக்கோகர்ணத்துல ஒன் நிச்சயதார்த்தத்தன்னைக்கு நான் என்ன குத்தம் பண்ணிட்டேன்னு எனக்குச் சொல்லு. பந்தியில மதுமிதாவோட பெரியம்மா என் பக்கத்துல உக்காந்தாங்க. தை மாசம் பொண்ணு பாக்க வந்தப்ப இருந்த மொகம் இல்லையேம்மா இதுன்னு கேட்டாங்க. கேட்டவங்களுக்கு நான் பதில் சொன்னேன். மாசி மாசம் மதுரையில மூக்கை ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்னு சொன்னேன். அவ்வளவுதான். அதுக்குள்ள எதிர்ப் பந்தியில இருந்து நீ எந்திரிச்சு ஓடி வந்து, அக்காவுக்கு சைனஸுங்க, ராத்திரியெல்லாம் மூச்சே விட முடியாது, டாக்டர் கட்டாயப்படுத்திட்டாருங்கன்னு அளந்து விடுற.

"இல்லைங்க. எனக்கு மூச்சு நல்லாத்தான் வந்துச்சு. மூக்கு பிடிக்கல, மாத்திக்கிட்டேன்."

இதைத்தான்டா நான் சொன்னேன். ரசம் ஊத்துனவரு கரண்டியோட அப்படியே நின்னுட்டாரு. நீ என்னைப் பாத்த பார்வையை நான் மறக்க மாட்டேன். போட்டோ எடுக்கிறப்ப அம்மா வந்து, உமா நீ கொஞ்சம் அங்கிட்டு நில்லு, வெளிச்சம் மறைக்குதுன்னு சொன்னாங்க. என் மூக்கு வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு இப்ப இல்லையே. பழைய மூக்கா இருந்தா ஒத்துக்குவேன்.

பள்ளிக்கூடத்துல கிளிமூக்குன்னு கூப்பிட்டாங்க. கல்யாண வீட்டுல ஒன் மாமாகிட்டயே, பொண்ணைத் தேடுனியளா மூக்கைத் தேடுனியளான்னு ஒருத்தன் கேட்டான். அதுக்கெல்லாம் நம்ம வீட்டுல ஒருத்தரும் எந்திரிச்சு ஓடி வரல. அன்னைக்கெல்லாம் அது வேடிக்கைப் பேச்சு. ஜாக்கெட் கடை வச்சு அத்தனை பொம்பளைகளையும் கண்ணாடி முன்னால நிறுத்தி, அழகா இருக்கீங்கன்னு சொல்லிச் சொல்லி அனுப்புறேன். பின்னால தெரியிற என் மொகத்தை மட்டும் பாக்காம குனிஞ்சுக்குவேன். நாப்பத்தி நாலு வயசுல, என் சம்பாத்தியத்துல, ஒன் மாமா சம்மதத்தோட போயி மாத்திக்கிட்டேன். இப்ப நிமிந்து கண்ணாடியைப் பாக்குறேன். இதுல யாருக்கு என்ன கேவலம் வந்துச்சு?

சரி, ஒன் தலைக்கு வாரேன். போன வருசம் பங்குனியில பெங்களூர்ல முடி நட்டுக்கிட்டு, நேரா எங்க வீட்டுக்குத்தான வந்த. மண்டை பூராவும் செவப்புப் புள்ளியா, தொப்பி போட்டுக்கிட்டு எங்க பின்ரூம்ல படுத்துக் கெடந்த. டாக்டர் சொன்ன தண்ணியை நான்தான் பஞ்சுல தொட்டுத் தொட்டு வச்சேன். ஊர்ல கேட்டா என்ன சொல்றதுன்னு அம்மா கலங்கி நின்னாங்க. விராலிமலையில மொட்டை போட்டதாச் சொல்லிடுவோம்னு யோசனை சொன்னது நீ. அது நெசம் மாதிரி தெரியணும்னு அம்மா சந்தனத்தைக் கரைச்சுக்கிட்டு வந்து ஒன் மண்டையில பூச நின்னாங்க. டாக்டர் கையை வைக்கக்கூடாதுன்னாருன்னு நான்தான் கிண்ணத்தைப் புடுங்குனேன். நெனச்சா இப்பவும் சிரிப்பு வருது.

ஒன் தலைக்கு சாமி பேரைச் சொன்னா அது சாமர்த்தியம். என் மூக்குக்கு நான் டாக்டர் பேரைச் சொன்னா அது மானக்கேடு. இது எந்த ஊரு நாயம்டா?

பதில் போடு. போடலைன்னா இன்னொரு கடுதாசி வரும்.

ஒன் அக்கா,
உமா


பெங்களூரு
24.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் லெட்டர் ஆபீஸ் அட்ரஸுக்கு வந்தது. ரிசப்ஷனில் எல்லோரும் அதிசயமாகப் பார்த்தார்கள். நானும் லெட்டரிலேயே பதில் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட்டுவிடுவாய். உன் மூக்கின் பழைய போட்டோ, புது போட்டோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டவள் நீ. அன்றைக்கு சித்தப்பா குரூப்பை விட்டே வெளியே போனார்.

நீ கேட்டாயே யாருக்கு என்ன கேவலம் என்று. உனக்கு ஒன்றும் இல்லைக்கா. உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, கடை இருக்கிறது, மாமா தங்கமானவர். நீ என்ன சொன்னாலும் உன்னிடமிருந்து எதையும் பிடுங்கிக்கொள்ள யாராலும் முடியாது. என் நிலைமை அப்படியா? எனக்கு முப்பத்தி நாலு. முடி இருந்தவரை வரன் வந்தது, கொட்டிய பிறகு நின்றுவிட்டது. காரைக்குடியில் ஒரு வீட்டில் நானும் சித்தப்பாவும் உள்ளே போனோம். பொண்ணோட அப்பா என்னைப் பார்த்து, மாப்பிள்ளை பின்னால வாராரா என்று கேட்டார். காபி குடிக்காமல் வந்தோம். அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். சித்தப்பா தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். அவர் தூங்கவில்லை. இது உனக்குத் தெரியாது.

முடி நட்டேன் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆம்பளைக்கு எதுக்கு இந்த மினுக்கு என்று கேட்பார்கள். பிள்ளைக்கும் வழுக்கை வருமே என்பார்கள். பொய் முடி என்று பட்டப்பெயர் வைப்பார்கள். ஆபீஸிலேயே ஒருத்தன் சொல்லிவிட்டான், இன்றுவரை அவன் தலையை எல்லோரும் இழுத்துப் பார்க்கிறார்கள்.

மதுமிதாவின் அப்பா முருக பக்தர். ஐ.டி. கம்பெனியில் இருந்துகொண்டு மலையேறி மொட்டை போட்ட பையன் என்று கேட்டுத்தான் ஜாதகமே வாங்கினார். அதில் கையை வைக்காதே. உன் மூக்கையும் இனிமேல் யாராவது கேட்டால் மூச்சுப் பிரச்சினை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. உன் கல்யாணத்தில் நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்று அழுதேன், அம்மா இன்றும் சொல்வார்கள். அந்தத் தம்பிக்காகக் கேட்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். தையில் என் கல்யாணம் முடியும் வரைக்கும் பொறுத்துக்கொள்.

அன்புடன்,
சரவணன்


பொன்னமராவதி
03.07.2025

அன்புத் தம்பிக்கு,

ஒன் கடுதாசி கெடச்சுச்சு. காரைக்குடி விசயத்தைப் படிச்சுட்டு கடையை உள்பக்கமாச் சாத்திக்கிட்டு கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். அந்த ஆளை இன்னைக்குப் பாத்தாலும் நாலு வார்த்தை கேப்பேன். இதை நீ என்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாம்டா.

ஒன் தலை ஒன்னோடது. அதைப் பத்தி நான் வாயைத் தொறக்க மாட்டேன். சொல்ல வேண்டியவன் நீ, சொல்ல வேண்டியது மதுமிதாகிட்ட, அதோட எனக்குச் சோலி முடிஞ்சுச்சு. ஆனா என் மூக்கு என்னோடது. அதுக்கு நான் சைனஸ்னு சொல்ல மாட்டேன். தைக்கும் சொல்ல மாட்டேன், அதுக்கு அடுத்த தைக்கும் சொல்ல மாட்டேன்.

அன்னவாசல்ல நம்ம அம்மாவைப் போயிப் பாத்தேன். இன்னும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத்தான் பேசுறாங்க. சாமி குடுத்த மொகத்துல கத்தி வைக்கலாமான்னு கேக்குறாங்க. நான் சும்மா இருப்பேனா? தோடு கனத்துல அறுந்து தொங்குன காதை ரெண்டு வருசம் முன்னாடி புதுக்கோட்டையில போயி வெட்டித் தச்சுக்கிட்டு வந்தீங்களே, அது யாரு குடுத்த காதும்மான்னு கேட்டேன். அப்ப தெருவே ஹார்லிக்ஸும் ஆப்பிளுமா வந்து பாத்துட்டுப் போச்சு. காதுல பிளாஸ்திரியோட வாசல்ல சேரைப் போட்டு உக்காந்து, பஸ்ஸுக்குப் போறவங்களையெல்லாம் நிறுத்தி, வலிக்கவே இல்லை, நீங்களும் தச்சுக்கங்கன்னு சொன்னாங்க. அது வைத்தியமாம், ஏன்னா தோடு போடணும். நான் பண்ணிக்கிட்டது வேசமாம். காதுக்கும் மூக்குக்கும் நடுவுல நாலு வெரல் தூரம். அந்த நாலு வெரல்ல எங்க வந்து மானம் போகுதுன்னு கேட்டேன். அம்மா கொத்தவரங்காயை ஆய ஆரம்பிச்சுட்டாங்க.

இன்னொரு கூத்தைக் கேளு. நம்ம பெரியகருப்பன் சித்தப்பா விராலிமலைக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்திருக்காரு. அறுபத்தொரு வயசுல, முன்மண்டை வழுக்கைக்கு. சரவணனுக்குக் குடுத்த முருகன் எனக்குக் குடுக்க மாட்டானான்னு தெனம் காலையில கண்ணாடியைப் பாத்துக்கிட்டு இருக்காராம், சித்தி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல செல்போன் கடை வச்சிருக்கிற பையனும் போயிட்டு வந்துட்டான். அம்மாவுக்கு ஒரே பெருமை. ஒன் மண்டையில செவப்புப் புள்ளியைக் கண்ணால பாத்தவங்க, இப்ப கேட்டா என் மகனுக்கு முருகன் குடுத்த முடின்னு கண்ணுல தண்ணி வைக்கிறாங்க. பொய்யைச் சொல்லிச் சொல்லி அவங்களே நம்பிட்டாங்க. நானும் சிரிச்சுட்டு வந்தேன், ஆனா வர்ற வழியில எனக்கு என்னமோ சரியாப் படல.

நல்ல சேதி ஒன்னு. போன ஞாயித்துக்கெழமை மதுமிதா கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க அதுவா பஸ் ஏறி வந்துச்சு. பெரியம்மா பேசுனதுக்கு மன்னிச்சுக்கங்க அண்ணின்னு முதல்ல கேட்டுச்சு. அப்புறம் என் மூக்கைக் கிட்டத்துல பாத்துட்டு, வலிச்சுச்சா அண்ணின்னு கேட்டுச்சு. இத்தனை பேரு கேட்டாங்களே, எவ்வளவு ஆச்சு, எதுக்கு, புருசன் எப்படி விட்டாரு, தும்முனா பிச்சுக்குமான்னு. வலிச்சுச்சான்னு ஒருத்தர் கேக்கலடா. நல்ல பொண்ணு. ஒனக்குக் கெடச்சது பெரிய விசயம். அதுகிட்ட நீயே உக்காந்து சொல்லு, அது சிரிச்சுட்டுப் போயிடும்.

ஒன் அக்கா,
உமா


பெங்களூரு
19.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன், இனி பேசலாம். ஆனாலும் லெட்டர் எழுதுவது பிடித்துப்போய்விட்டது. நீ வாக்குக் கொடுத்தபடி ஒன்றும் பேசாமல் இருப்பதற்கு ரொம்ப நன்றி. அம்மா இப்போது உன்னைப் பற்றிக் கோபமில்லாமல் பேசுகிறார்கள்.

இங்கே மழை. ஆபீஸில் புது புராஜெக்ட், ஞாயிற்றுக்கிழமையும் வேலை. மது தினமும் பேசுகிறாள். மண்டபம் முடிவாகிவிட்டது. போட்டோவுக்கும் வீடியோவுக்கும் திருச்சியில் ஒரு பார்ட்டியைப் பேசியிருக்கிறேன், கல்யாணத்துக்கு முன்னாலேயே வெளியூரில் ஒரு ஷூட் வைக்கலாம் என்கிறார்கள். அவள் தலை நிறையப் பூ வைத்தால் எப்படி இருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அவர்கள் வீட்டில் எல்லோரும் அடுத்த வாரம் விராலிமலை போகிறார்களாம். மதுவுக்கு ஏதோ வேண்டுதலாம். என்னிடம் கேட்டாள், நல்லபடியாகப் போய்விட்டு வா என்று சொன்னேன். அவளிடம் விஷயத்தைச் சொல்லத்தான் நினைக்கிறேன். கல்யாணம் முடிந்து நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மாமாவிடம் பருப்புப்பொடி கொடுத்துவிடு. உன் கைப்பக்குவம் இங்கே எந்தக் கடையிலும் இல்லை.

அன்புடன்,
சரவணன்


பொன்னமராவதி
11.09.2025

சரவணா,

பருப்புப்பொடி வராது.

நேத்து மதுமிதா கடைக்கு வந்துச்சு. துப்பட்டாவைத் தலையோட இறுக்கிச் சுத்திக்கிட்டு வந்து, அளவு எடுக்கிற திரைக்குப் பின்னால போயி என்னைக் கூப்பிட்டுச்சு. போனேன். துப்பட்டாவை எடுத்துச்சு. மொட்டைடா. பூமுடின்னு மூணு கொத்து மட்டும் வெட்டிக் குடுத்தது இல்ல. முழு மொட்டை. காதுக்குப் பின்னால ஒன்னு, உச்சியில ரெண்டு, முடியே மொளைக்காம வழுவழுன்னு வட்டம் வட்டமா இருக்கு. புழுவெட்டு.

காலேஜ்ல இருந்து இருக்காம். மீதி முடி நீளமா இருந்துச்சு, அதை இழுத்துச் சீவி மறைச்சு, சவுரி வச்சுப் பின்னி, அவங்கம்மா யாருக்கும் தெரியாமக் காப்பாத்தி வச்சிருக்காங்க. ஒனக்கும் சொல்லல. சொன்னா சம்பந்தம் போயிடும்னு பயம். தோல் டாக்டர்கிட்ட கொஞ்ச நாள் மருந்து போட்டிருக்கு. அந்த ஆஸ்பத்திரி வாசல்ல தெரிஞ்சவங்க பாத்துட்டாங்கன்னு அதையும் நிறுத்திட்டாங்க. ஒன்னை மாதிரியே பயந்துக்கிட்டு ஒரு குடும்பம் அங்க இருந்திருக்கு. நீ இங்கிட்டு மறைக்கிற, அவங்க அங்கிட்டு மறைக்கிறாங்க. ஒன் கதையைக் கேட்டதும் அவங்கப்பா, மருந்தெல்லாம் வேண்டாம், மாப்பிள்ளைக்குக் குடுத்த சாமிகிட்டயே போவோம்னுட்டாரு.

அந்தப் பொண்ணு என்கிட்ட என்ன கேட்டுச்சு தெரியுமா?

"அண்ணி, அவருக்கு எத்தனை மாசத்துல வளந்துச்சு? தைக்குள்ள வந்துடுமா?"

நான் ஒனக்குக் குடுத்த வாக்கை நெனச்சுக்கிட்டு, அவனைத்தான்மா கேக்கணும்னு சொன்னேன். கேட்டேன் அண்ணின்னுச்சு. மலைக்குப் போறதுன்னு முடிவானப்பவே ஒனக்கு போன் பண்ணி, சிரிக்காம சொல்லுங்க, நெசமாவே மொட்டை போட்டதுக்கு அப்புறம்தான் வளந்துச்சான்னு கேட்டுச்சாம். நீ என்ன சொன்ன? எனக்குக் குடுத்தவன் ஒனக்குக் குடுக்காமப் போயிடுவானா, நம்பிக்கையோட குடுத்துட்டு வான்னு சொன்னியாம்.

எனக்கு எழுதுனப்ப, ஏதோ வேண்டுதலாம்னு எழுதுற. அம்புட்டுத்தான் எழுதுற. ஒரு பொம்பளைப் புள்ள தலையைக் குடுக்கப் போறேன்னு ஒன்கிட்ட கேக்குது. அந்த ஒரு நிமிசத்துல ஒன் வாயில உண்மை வரலைன்னா அப்புறம் எப்படா வரும்? அதுக்குப் புழுவெட்டுன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லுவ. தெரிய வேண்டாம். சும்மா ஒரு பொண்ணு மொட்டை போடப்போறா, நீ சொன்ன பொய்யை நம்பி. அது போதாதா? சித்தப்பா மொட்டை போட்டப்ப நானும் சிரிச்சேன், இப்ப எனக்கு ஒடம்பு கூசுது.

அந்தப் புள்ளைக்கு அந்த வட்டத்தை மறைக்க இருந்ததே அந்த முடிதான். அதையும் எடுத்தாச்சு. மருந்தும் போச்சு. கண்ணாடி முன்னால உக்காந்துக்கிட்டு, இன்னைக்குக் கொஞ்சம் கருத்திருக்குல்ல அண்ணின்னு என்னைக் கேக்குது. ஆமாம்மான்னு சொன்னேன். என் மூக்குக்கு ஒரு பொய் சொல்ல மாட்டேன்னு அத்தனை பேருகிட்ட மல்லுக்கட்டுனவ, ஒனக்காக நேத்துச் சொன்னேன்.

முதல்ல அதை ஒரு நல்ல தோல் டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். அது என் வேலை. ஒன் வேலை, ஆயுத பூஜைக்கு லீவு போட்டுட்டு வந்து, நேருல உக்காந்து, அவங்கப்பா அம்மா முன்னால சொல்றது. போன்ல சொல்லக்கூடாது. நீ வரலைன்னா நான் போவேன். இதுல தம்பி, அக்கா, சின்ன வயசுல கையைப் பிடிச்சு அழுதது, எதுவும் குறுக்க வராது.

உமா அக்கா


பெங்களூரு
10.10.2025

அக்கா,

போய்விட்டு வந்தேன். நீ சொன்னபடி சொல்லிவிட்டேன். உனக்குத் திருப்தியா?

ஹாலில் எல்லோரும் இருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். பெங்களூரில் நட்டது, விராலிமலையில் படி ஏறவே இல்லை என்று சொன்னேன். மதுவின் அம்மா அழுதார்கள். அவள் அப்பா பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, மாப்பிள்ளை, நடந்தது நடந்துபோச்சு, இது இந்த நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும், நானும் என் மக விசயத்தை உங்ககிட்ட மறைச்சேன், ரெண்டுக்கும் சரியாப்போச்சு, வெளியில வேண்டுதல்னே இருக்கட்டும் என்றார். எனக்கு உயிர் வந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று நினைத்தேன்.

மது தலையில் இருந்த துப்பட்டாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் அப்போதுதான் முதல்முறை பார்த்தேன்.

"தைக்குள்ள வளராதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நான் சவுரி, விக் எதுவும் வைக்காம இப்படியேதான் மணவறைக்கு வருவேன். உங்களுக்குச் சம்மதமா?"

சம்மதம் என்றுதான் அக்கா சொல்ல வந்தேன். சத்தியமாக அதுதான் மனதில் இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "போட்டோல்லாம் எடுப்பாங்களே" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் என் தலையையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அன்று சாயங்காலமே அவள் சித்தப்பா நிச்சயதார்த்த மோதிரத்தை அன்னவாசலில் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார்கள். போன் செய்தால் மது எடுப்பதில்லை.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள். நீ அன்றைக்குப் பந்தியில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், இது எதுவுமே நடந்திருக்காது. உன்னைப் பார்த்துத்தான் அவளுக்கு இந்தத் துணிச்சல் வந்திருக்கிறது. நான் ஒரு வார்த்தை தவறிச் சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை. அதற்கு இத்தனை தண்டனையா? நீ சொன்னால் அவள் கேட்பாள். நான் பதட்டத்தில் உளறிவிட்டேன் என்று நீ போய்ச் சொல். போட்டோவே வேண்டாம், போட்டோகிராபரையே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் அக்கா.

சரவணன்


பொன்னமராவதி
02.11.2025

சரவணனுக்கு,

ஒன் கடுதாசி வந்து நாளாச்சு. என்ன எழுதுறதுன்னு தெரியாம இருந்தேன். முந்தாநாளு நடந்ததை எழுதிடுறேன், அதுவே பதில்.

மதுமிதா இப்ப தோல் டாக்டரைப் பாக்க மாசாமாசம் போகுது. போயிட்டுத் திரும்பி வர்ற வழியில கடைக்கு வந்துச்சு. துப்பட்டா இல்ல, தொப்பி இல்ல. முடி அரை வெரல் வளந்திருக்கு, அந்த மூணு வட்டமும் அப்படியே தெரியுது. ஒரு எடத்துல மட்டும் பூனைமுடி மாதிரி லேசா வந்திருக்கு. கடையில நாலஞ்சு பொம்பளைக கார்த்திகை முகூர்த்தத்துக்கு ஜாக்கெட் வாங்க உக்காந்திருந்தாங்க. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

நீ எழுதுனதை நான் அதுகிட்ட சொல்லலாமான்னு யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன், ஆனா தம்பி அழுகுறான்னு சொல்றது பொய் இல்லையே. அதுவும் உண்மைதானே. ஒன் காரைக்குடி பஸ் எனக்கு மறக்கல. எந்திரிச்சு அதைத் தனியாக் கூப்பிடத்தான் போனேன்.

அதுக்குள்ள கொப்பனாபட்டியில இருந்து வந்த ஒரு அம்மா, பாசமாத்தான், அதோட கையைப் பிடிச்சு, எந்தக் கோயில் வேண்டுதல் தாயின்னு கேட்டாங்க. அந்தப் பொண்ணு இருந்த எடத்துல ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தா முடிஞ்சுபோச்சு. யாரும் வட்டத்தைப் பெருசா எடுத்திருக்க மாட்டாங்க. திருநீறு குடும்மான்னு கேட்டிருப்பாங்க.

அது சொல்லுச்சு, வேண்டுதல் இல்லைங்க, எனக்குப் புழுவெட்டு, வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்கேன்னு.

அந்த அம்மா பதறிப்போயி கொரலைத் தணிச்சு, ஏத்தா, வயசுப்பொண்ணு இப்படிப் போட்டு ஒடைக்கலாமா, வேண்டுதல்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானேன்னு கேட்டாங்க.

"அப்படிச் சொன்னா, அதைக் கேட்டுட்டு இன்னொருத்தி போயி முடியை எடுத்துக்குவா."

சத்தமா சொல்லல. கோவமாவும் சொல்லல. சொல்லிட்டு என்னைப் பாத்து, பழைய ஜாக்கெட் அளவு கொஞ்சம் இறுக்கம் அண்ணி, பிரிச்சுக் குடுங்கன்னு கேட்டுச்சு. இன்னும் அண்ணின்னுதான் கூப்பிடுது.

நான் தையலைப் பிரிக்க உக்காந்துட்டேன். ஒனக்காகப் பேச எனக்கு வாய் வரல.

உமா